சங்குமுகத்து பலூன் துப்பாக்கி

நேசையனுக்குக் கள்ளம் என்றாலே குமட்டும். பாறசாலைப் பக்கத்துக் கடைகளுக்கு இருபது வருஷம் தராசு பழுது பார்த்தவன். வேலை முடிகிற நேரத்தில் முதலாளிமார் மெல்லக் குனிந்து, "தட்டு ஒரு பொடி இந்தப் பக்கம் சாயட்டும், கேட்டியா" என்பார்கள். கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், "சவம், இந்தத் தொழிலே வேண்டாம்" என்று சாமான்பெட்டியை மூடினான். 1998இல் சங்குமுகம் கடற்கரையில் பலூன் சுடும் கடை ஒன்றை விலைக்கு வாங்கி, மனைவி ராஜபாயோடு வந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் விளையாட்டில் என்ன கள்ளம் இருந்துவிடப் போகிறது?

இருந்தது. மலிவான ஏர் ரைஃபிள். குழல் நுனியிலிருந்த குறிமுள்ளைப் பழைய கடைக்காரன் இடப்பக்கம் வளைத்து வைத்திருந்தான். பலூனைக் குறிபார்த்தால் குண்டு நாலு விரல் வலத்தே போய்ப் பலகையில் குத்தும். நேசையன் மூடிவைத்த சாமான்பெட்டியைத் திரும்பத் திறந்தான். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. குழல் மடங்கும் இடத்தில் ஆட்டம் இருந்தது, போல்ட்டை முறுக்கினான். காய்ந்துபோன தோல் வாஷரை மாற்றி எண்ணெய் விட்டான். ஈயக்குண்டுகளைக் கண்ணாடித் துண்டில் உருட்டி, கோணலானவற்றைப் பொறுக்கி எறிந்தான். கடைசியில் முள்ளை நிமிர்த்தி, சுட்டுச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்தான். பத்துக் குண்டும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்கின.

ஞாயிற்றுக்கிழமை அஜீஷ் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், அந்தக் கடையில் ஆறு வருஷமாகக் குறி தப்பாதவன் என்று கூட்டாளிகளிடம் பெரிய பேர். அவன் வித்தையெல்லாம் பலூனுக்கு நாலு விரல் இடப்பக்கம் தள்ளிப் பிடிப்பதுதான். அப்படியே பிடித்தான். அஞ்சு குண்டும் பலகையில். கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"துப்பாக்கிய நேராக்கிட்டேன் தம்பி. பலூனையே பாத்துச் சுடு."

"எனக்குப் படிப்பிக்கியளா? ஆறு வருசமா இல்லாத கோளாறு இப்ப எப்பிடி வந்து? கள்ளப்பணி காட்டிட்டு என்னையச் சொல்லுதியளா?"

இருபது வருஷத்தில் ஒருத்தனும் நேசையனைப் பார்த்துச் சொல்லாத சொல். வாரம் திரும்புமுன் கடற்கரை முழுக்க அதுதான் பேச்சு. பழைய ஆட்களெல்லாம் வருவார்கள், இடப்பக்கம் தள்ளிப் பிடிப்பார்கள், தவறவிட்டு அவனை ஏசிவிட்டுப் போவார்கள். தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தான். சொன்னால் கேட்கிற கழுதைகளா?

"கள்ளன்னு பேரு கேட்டது போதும். பழையபடி வளச்சு விடுங்க," என்றாள் ராஜபாய்.

குறடால் முள்ளில் ஒரு அழுத்து, அவ்வளவுதான். த்தூ என்று மணலில் துப்பினான்.

அடுத்த ஞாயிறு அஜீஷுக்கு அஞ்சுக்கு அஞ்சும் வெடித்தது. நேசையன் தோளில் தட்டி, "இப்பளாக்கும் நீங்க யோக்கியன், அண்ணாச்சி" என்றான்.

அவனுக்கு அடுத்து ஒரு சின்னப் பெண், அப்பாவோடு வந்தவள், துப்பாக்கியை வாங்கினாள். மூச்சைப் பிடித்து, சிவப்புப் பலூனின் நடுவில் குறிவைத்துச் சுட்டாள். மூன்றும் தவறின. "நான் சரியாத்தானே பிடிச்சேன்?" என்று நேசையனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் கை இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அஜீஷும் கூட்டாளிகளும் இன்னும் போகாமல் அங்கேயே நின்றார்கள்.

"கை ஆடிட்டு, மோளே," என்றான் நேசையன்.

"ஸாரி அங்கிள்," என்று அவள் துப்பாக்கியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.