கரையேறிய சிவப்புப் புள்ளி

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். பிரிஜாவின் தோள் எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை.

கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடலோர ஊர். அங்கே சர்ச்சின் பங்கு மண்டபத்தில் இரண்டு திரைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் அரை மணிக்கொருமுறை செயற்கைக்கோள் அனுப்பும் புயல் படம். மற்றதில் கடலுக்குப் போன வள்ளங்கள். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு அபாயப் பெட்டி உண்டு. ஆபத்தில் அதன் பட்டனை அழுத்தினால் சாட்டிலைட் வழியாகத் திரையில் சிவப்புப் புள்ளி விழும். அதைப் பார்த்துச் சொல்வது பிரிஜாவின் வேலை.

அந்த வாரம் புயல். ஞாயிறன்று அவள் புருஷன் சிஜினும் அண்ணன் சிலுவையும் ஒரே வள்ளத்தில் போயிருந்தார்கள். செவ்வாய் காலை சிஜின் மட்டும் வந்து கதவைத் தட்டினான்.

"ஒங்க அண்ணன அலை கொண்டு போச்சுட்டி."

தன்னை வேறு வள்ளம் ஏற்றி வந்ததாம். எந்த வள்ளம் என்று கேட்டாள். துண்டை எடு என்றான். எவ்வளவு துவட்டியும் அவன் தலைமுடி காயவே இல்லை...

வியாழன். மாலை 4.12. திரையில் புள்ளி விழுந்தது.

சிலுவையின் வள்ளத்துப் பெட்டி! கரையிலிருந்து அறுபது கிலோமீட்டர். அண்ணன் உயிரோடு இருக்கிறான். பிரிஜா வாய்விட்டே அழுதாள்.

4.27. முப்பது கிலோமீட்டர்.

இந்தப் புயலில் எந்த வள்ளமும் இப்படி ஓடாது. அதுவும் எதிர்க்காற்றில்.

4.42. புள்ளி, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கல். அலை. ஆள் இல்லை.

மண்டபத் திரை அவள் செல்லிலும் தெரியும். எடுத்துப் பார்த்தாள். புள்ளி அவள் தெருவுக்குள் நுழைந்திருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணன் வாறான்! கதவத் தொறங்க!"

"விடாதட்டி... அவன உள்ள விடாத..." என்றான் சிஜின்.

டமார்!

அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு முற்றத்தில் கிடந்தது. உள்ளே சிஜினை எதுவோ தூக்கித் தூக்கிச் சுவரில் அடித்தது. அடிக்கிற ஆள் தெரியவில்லை. தொப்... தொப்... மண்டை பிளந்தது. கொட்டியது ரத்தமில்லை. கடல் தண்ணீர்.

அவன் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் உதைத்தான். அவள் தோள் மளுக்கென்றது.

அது அவனை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது... பின்வாசல்... மணல்... பாறை...

அலறினான். அது சிஜின் குரல் இல்லை.

ஒரே அலை.

4.51. புள்ளி அணைந்தது.

அதற்குப் பதினோராம் நாள் போன் வந்தது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று மீட்ட சிலுவை பேசினான்.

"மக்கா... சிஜின் போயிட்டான். திங்கக்கெழம விடியக்காலம். என்ஜின்ல தல மோதி என் மடியிலதான் உயிர் போச்சு. வள்ளமும் முங்கிப்போச்சு. நான் காலி டீசல் கேனப் பிடிச்சிட்டு கெடந்தேன். பட்டன அழுத்தியும் பெட்டி வேல செய்யல. பெறகு வேல செஞ்சா உடம்பாவது கெடைக்கட்டும்னு அத அவன் இடுப்புல கட்டிவிட்டேன்..."

திங்கட்கிழமை.

பிரிஜா அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது, செவ்வாய்.