கீரிமலையில் நோவோடு நின்ற நாள்

மாதத்தில் சில நாட்கள் நான் மனுஷியாக இருந்ததில்லை. அடிவயிற்றில் தொடங்கும் நோவு முதுகுக்கும் தொடைக்கும் இறங்கும். பாயில் சுருண்டு கிடப்பேன். வாயில் சீலைத் தலைப்பைத் திணித்துக் கடித்துக்கொள்வேன், சத்தம் பக்கத்து வளவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக.

அடியவர்களே, என் பெயர் வாசுகி. வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். வீடு கொக்குவிலில். அச்சுவேலியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. கணவர் ராகுலன் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எங்களோடு அவருடைய தாயார், என் மாமி, இருக்கிறார். இது பெண்களுக்கு வருகிற வருத்தம், சபையில் பேசுவதா என்று சிலர் யோசிக்கலாம். சுவாமி எனக்குச் செய்த உதவியைச் சொல்வதென்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரியபிள்ளையான காலம் முதலே நோவு இருந்தது. எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார்கள். கலியாணமானால் சரிவரும் என்றார்கள். கலியாணமாகிச் சில வருடங்களில் அது கூடியது. பிள்ளையும் தங்கவில்லை. ஸ்கான் எடுத்தால் ஒன்றும் இல்லை என்று வரும். ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நோவோடு பஸ்ஸில் வீடு திரும்புவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். செத்தால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு.

போன வருடம் மாசியில், சிவராத்திரிக்குப் பிறகு, ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். வயிற்றில் சிறிய துளை போட்டுக் கமராவை விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். எண்டோமெற்றியோசிஸ். கருப்பைக்குள் இருக்கவேண்டிய தோலைப் போன்ற ஒன்று வெளியே வளர்கிற வருத்தம். என்னுடையது இரண்டாம் கட்டம். அது தெரிந்த இடங்களைச் சுட்டுவிட்டதாகவும், திரும்பவும் வரக்கூடும் என்றும் சொன்னார்.

இரண்டாம் கட்டம் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல். எனக்கு மட்டும் இல்லை.

"ரெண்டுதானே பிள்ளை," என்றார் மாமி. "நாலெண்டால் பயப்பிடலாம். உதுக்குப்போய் ஏன் இப்பிடிக் கிடக்கிறாய்?"

மாமி கெட்டவர் அல்ல. நான் படுத்தால் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. நான்தான் நோவைப் பெரிதாக்குகிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

அதற்குப் பதில், ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் கிடைத்திருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பருத்தித்துறைப் பக்கத்துப் பெண் ஒருவர், கடற்தொழில் செய்யும் குடும்பம். பிள்ளை இல்லையென்று பரிசோதிக்க வந்தவருக்கு நாலாம் கட்டம் என்று கண்டிருந்தார்கள். "எனக்கு ஒருநாளும் நோகேல்லை அக்கா," என்றார். "சுகமில்லாத ஆள் எண்டே எனக்குத் தெரியாது." அவர் என்னைப் பார்த்து இரங்கினார். நான் அவரைப் பார்த்து இரங்கினேன்.

அடுத்த கிளினிக்குக்கு ராகுலனோடு போனபோது மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். முதலாம் கட்டத்தில் சின்னப் புள்ளிகள். இரண்டில் அவை இன்னும் கொஞ்சம் கூட, கொஞ்சம் ஆழம். மூன்றில் சூலகத்தில் கட்டி வரலாம், ஒட்டுப்படத் தொடங்கும். நாலில் பெரிய கட்டிகள், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

"உது எவ்வளவு பரவியிருக்கு எண்டுதான் சொல்லும்," என்றார். "எவ்வளவு நோகும் எண்டு சொல்லாது. உங்கடை நோவு பொய் இல்லை."

அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "இப்ப உங்களுக்கு முதல் என்ன வேணும்? நோவு குறையிறதோ, பிள்ளையோ?" தினமும் ஒரு குளிசை விழுங்கினால் மாதவிலக்கு நிற்கும், நோவு குறையும். ஆனால் எடுக்கும் காலத்தில் பிள்ளை வராது. பிள்ளைதான் முதல் என்றால் குளிசை இல்லை, தாமதிக்காமல் அதற்கான சிகிச்சைக்குப் போகலாம். நோவைச் சமாளிக்க வேண்டும். வயதையும் யோசிக்கவேண்டும். "ரெண்டும் பிழையில்லை. நீங்கள்தான் முடிவெடுக்கவேணும்."

பிள்ளை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல் வரவில்லை. ராகுலனும் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை கீரிமலைக்குப் போனேன். கேணியில் குளித்துவிட்டு அங்கே சிவன் கோயிலில் நகுலேஸ்வரரைக் கும்பிடுவது என் வழக்கம். கலியாணமான நாள் முதல் அங்கே நான் கேட்டது ஒன்றுதான், பிள்ளை. வேறொன்றும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நோவு வரும் நாட்களில் நாங்கள் கோயிலுக்குப் போவதில்லை. ஆகவே சுவாமிக்கு முன்னால் நான் எப்போதும் சுகமான ஆளாகத்தான் நின்றிருக்கிறேன்.

அன்று கணக்குத் தப்பிவிட்டது. மாதவிலக்கு வர இன்னும் நாள் கிடந்தது. தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது நோவு தொடங்கியது. வெளியே போக முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தீபத்தைப் பார்த்தேன். பிள்ளையைக் கேட்கத்தான் கை கூப்பினேன். வாயில் வந்தது வேறு.

"அப்பனே, இந்த நோவை எடு. என்னாலை ஏலாது."

பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அழவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தோளைத் தொட்டு, "என்ன பிள்ளை, தண்ணி தரட்டோ?" என்று கேட்டார். ஓம், தாங்கோ என்றேன். குடித்தேன். நோவு குறையவில்லை. ஆனால் மனம் தெளிந்துவிட்டது. மருத்துவரின் கேள்விக்கு என் பதில் எது என்று சுவாமி என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்து ராகுலனிடம் சொன்னேன். பயந்து பயந்துதான் சொன்னேன். மாமியும் அங்கேதான் இருந்தார்.

ராகுலன் கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீர் சீலையைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறதை இனி என்னாலை பாக்கேலாது. அங்கை டொக்டருக்கு முன்னாலையே நான் இதைச் சொல்ல நினைச்சனான். பிள்ளை வேண்டாமெண்டு சொல்லுறனெண்டு நீர் நினைச்சுப்போடுவீரோ எண்ட பயத்திலை பேசாமல் இருந்திட்டன்."

மாமி எழுந்து குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். அன்றிரவு எங்களோடு அவர் அதிகம் கதைக்கவில்லை.

குளிசை தொடங்கினேன். முதல் மாதங்கள் லேசாக இருக்கவில்லை. இடையிடையே இரத்தம் பட்டது. காரணமில்லாமல் கோபம் வந்தது. விட்டுவிடலாமோ என்று யோசித்தேன். மருத்துவர் பொறுக்கச் சொன்னார். ஆவணி பிறந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. நோவு குறைந்தது. முழுதாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது ஒரு நாளும் வேலையை விட்டு ஓடி வருவதில்லை. வருத்தம் உள்ளே இருக்கிறது, கட்டுப்பட்டு இருக்கிறது. பிள்ளைக்கு முயல்வது பற்றி அடுத்த வருடம் மருத்துவரோடு கதைக்க இருக்கிறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதையும் சுவாமியிடம் கேட்கிறேன். ஆனால் முன்புபோல் அழுதுகொண்டு கேட்பதில்லை.

போன கிழமை மாமி என்னிடம் வந்தார். "முன்வீட்டுப் பிள்ளைக்கும் உப்பிடித்தான் நோகுதாம். தாய்க்காரி எல்லாருக்கும் உள்ளதெண்டு விட்டிட்டா. நான் சொல்லிப்போட்டன், அது எல்லாருக்கும் உள்ளதில்லையெண்டு. நீ ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ."

நாளை அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நோவு இருந்தால் மறைக்காதீர்கள். எந்தக் கட்டம் என்று மற்றவர்கள் சொல்வதை வைத்து உங்கள் நோவை அளக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். சுவாமியிடமும் போங்கள். மற்றவர்கள் கேட்கச் சொன்னதை விட்டுவிட்டு, உங்களுக்கு உண்மையில் எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.