சிங்ககட்டில் முளைத்த சீன மலை

நான் பொய் சொல்லாதவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. எழுபது வயது தாண்டியும் அது என்னை விடவில்லை. எனக்கு அதில் உரிமை இல்லை என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது புனேயின் கட்கிப் பகுதியில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி கோயமுத்தூரிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்துப் படம் வரைவார். மலை, மூடுபனி, அடிவாரக் குடிசையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஜப்பானிய ஓவியப் புத்தகம்தான் அவருக்குப் பாடம். எனக்கு அக்கறை படத்தில் இல்லை. வரைந்து முடித்ததும் என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வடாபாவ் தின்னப் போவாரே, அதில்தான்.

பக்கத்திலிருந்த விஷ்ராந்த்வாடியிலிருந்து மாமாவுக்கு ஒரு வரன் வந்தது. பெண் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாளெல்லாம் மையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை யார் மதிப்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அதனால், தன் தம்பி ஜப்பானுக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அக்கா, இது நல்லா இல்லை" என்றார் மாமா.

"நீ வாயைத் திறக்காம இரு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கல்யாணமானால் மாமா தனிக்குடித்தனம் போய்விடுவார் என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. என் கவலை அது.

ஊராக இருந்தால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரமாட்டார். புனே என்பதால் வந்தார். பெண்ணின் அப்பா பாகர்வடியைக் கடித்தபடி சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா ஜப்பான்லிருந்து உனக்கு என்ன கண்ணு வாங்கிட்டு வந்தாரு?"

"மாமா பம்பாய் கூடப் போனதில்லைங்க" என்றேன்.

அம்மா காபித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என்னை முறைத்தார். அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பா, காபியைக் குடிச்சுட்டுப் போலாம்" என்றார் பெண். பிறகு மாமாவிடமே கேட்டார்: "போகாமயே எப்படி வரைஞ்சீங்க?"

"புத்தகத்தைப் பார்த்துத்தாங்க. இந்த மாதிரி வரைஞ்ச அந்தக் காலத்து ஜப்பான்காரங்களும் சீனாவுக்குப் போனதில்லை. அவங்க அரசாங்கம் போகவும் விடாதாம். துறைமுகத்துல வந்து இறங்கின சீனப் படத்தையும் புத்தகத்தையும் பார்த்தே சீன மலையைப் போட்டாங்க. விக்கறதுக்குன்னு இல்லை. படிச்சவங்க தங்களோட சிநேகிதர்களுக்குக் கொடுக்க வரைஞ்சது."

"அப்போ இது நகலுக்கு நகலா?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க சார்."

பெண் படத்தின் அருகே போய் நின்றார். "இல்லைப்பா. இது நம்ம சிங்ககட் மலை. மழைக்காலத்துல இப்படித்தானே தெரியும்?"

மாமாவின் முகம் சிவந்தது. "சீன மலைதாங்க வரைய உட்கார்ந்தேன். கை இங்கே வந்துருச்சு. அந்த ஜப்பான்காரங்களுக்கும் போகப் போக அப்படித்தான் ஆச்சாம்."

பெண் சிரித்தார். படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

"இந்தப் பையன் உண்மையைச் சொல்லலைன்னா நான் இந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்" என்று மாமி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். விருந்துகளில் எனக்கு முதல் இலை. நான் கூசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணத்தைக் கலைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர்கள் இருந்தவரை சொல்லவில்லை. ஒரு குழந்தையின் வஞ்சத்தை நேர்மையென்று எடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்க என்னிடம் அன்பு காட்டிய அந்த இருவருக்கும் நான் செலுத்தத் தவறிய நன்றிதான் இந்த ஒப்புதல்.

மாமா மட்டும் ஒருமுறைகூட என்னைப் புகழ்ந்ததில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதும் இல்லை. புது வீடு பார்த்தபோது, மாமியின் பள்ளிக்கு எதிரிலேயே கிடைத்த வீட்டை வேண்டாமென்றுவிட்டு, எங்கள் தெருக்கோடியில் ஓர் இருட்டறையைப் பிடித்தார். மாமி தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார்.

ஏன் என்று கேட்டேன்.

"இங்கே தண்ணி நல்லா வருதுடா" என்றார் மாமா.

நான் நம்பினேன்.