செட்டிபாளையத்தில் இரண்டு மணித்தியாலத்தை உடைத்த கதை

அரை மரதனை, அதாவது 21.1 கிலோமீற்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிப்பேன் என்று இந்த வலைப்பதிவில் நான் அறிவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீங்கள் என்னை மறக்க விட்டால்தானே? கொழும்பில் இரண்டு முறை, கண்டியில் ஒரு முறை, நீர்கொழும்பில் ஒரு முறை தோற்றேன். ஒவ்வொரு முறையும் "அண்ணை, பஸ்ஸிலயாவது ரெண்டு மணித்தியாலத்துல போகலாமே" என்று எழுதி என் மானத்தை வாங்கினீர்கள். வயது நாற்பத்தாறு. முழங்கால் இப்போதே பேசத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் முடியாவிட்டால் இனி முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடந்த ஜூலையில் மட்டக்களப்புக்குப் போனேன். போனேன், ஓடினேன், உடைத்தேன். எப்படி என்று சொல்கிறேன், நீங்களும் போகலாம்.

யோசனை குகனுடையது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நாலு வருடம் என் அறைத்தோழன். பிறந்தது பெரியகல்லாறு. கலியாணம் கட்டியது செட்டிபாளையம். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம், ஆகவே இருபது வருடமாகச் செட்டிபாளையத்து மாப்பிள்ளை. அரை மரதனை 1:45க்குள் சாதாரணமாக முடிப்பான். "எங்கட ஊர்ல வருஷா வருஷம் ஓட்டம் வைக்கிறாங்க. வா, நான் உன்னக் கூட்டிக்கொண்டு ஓடுறன்" என்று தொலைபேசியில் சொன்னான். நான் இரண்டாம் முறை யோசிக்கவில்லை, டிக்கெட் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மட்டக்களப்பு. பஸ் இதைவிடக் கெதியாகப் போகும், ஆனால் ஓட்டத்துக்குப் போகிறவன் காலை மடக்கிக்கொண்டு எட்டு மணித்தியாலம் இருக்கக் கூடாது. ரயிலில் எழுந்து நடக்கலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் செட்டிபாளையத்தில் நிற்கும். ஏறக்குறைய 18 கிலோமீற்றர், என்னிடம் 120 ரூபாய் வாங்கினார்கள். ஓட்டோக்காரர் 1,800 கேட்டார். "ஓட வந்தவருக்கு ஓட்டோ என்னத்துக்கு?" என்று அவரே சிரித்துவிட்டு பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினார். நல்ல மனிதர், வியாபாரம் மட்டும் தெரியாது.

சனிக்கிழமை முழுவதும் சாப்பாடு, நித்திரை. குகனின் மனைவி தர்ஷினி ஒரு வசதியும் குறைய விடவில்லை. அவளுடைய தம்பி கஜனும் ஓடுகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, ஓயாத வாய். "அத்தான், நாளைக்கு உண்மையாவே ஆறுதலா, மெல்லமாத்தான் ஓடப்போறீங்களா?" என்று குகனைத் திரும்பத் திரும்பக் கேட்டான். குகன், "ஓம் எண்டு சொன்னன்தானே" என்று மட்டும் சொன்னான். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுப் பகிடி என்று நினைத்து நான் இன்னொரு மாம்பழத்தை எடுத்தேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தொடக்கம். செட்டிபாளையத்திலிருந்து தெற்கே களுதாவளை, களுவாஞ்சிகுடி தாண்டிப் போய், பெரியகல்லாற்றுக்கு முன்பே கிறுகித் திரும்பி, வந்த வழியே வர வேண்டும். போகும்போது இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியான நிலம், மேடு பள்ளம் இல்லாத ரோடு. வேகமாக ஓட விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல தரை இலங்கையில் குறைவு. ஒரே எதிரி கச்சான். ஜூலையில் தென்மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று அது. போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும்.

தொடக்கக் கோட்டில் குகன் கையை நீட்டினான். "மணிக்கூட்டக் கழட்டு."

"ஏன்?"

"நீ ஓடுறதில்ல, மணிக்கூட்டப் பாத்துப் பாத்துப் பயப்படுறாய். தா இங்க."

என் மணிக்கூடு அவன் காற்சட்டைப் பைக்குள் போனது. எனக்குச் சட்டை இல்லாமல் நிற்பது போல இருந்தது.

அவனுடைய முறை இதுதான்: கேள்வி கேட்பான், நான் முழு வசனத்தில் பதில் சொல்ல வேண்டும். மூச்சு முட்டாமல் சொல்லி முடித்தால் வேகம் சரி. விடுதியில் பருப்பு ஏன் எப்போதும் தண்ணீராக இருந்தது, நான் எந்தப் பாடத்தில் இரண்டு முறை விழுந்தேன், யாருக்காகத் தேவையில்லாமல் நூலகத்துக்குப் போனேன், எல்லாம் கேட்டான். களுதாவளை வெற்றிலைத் தோட்டங்களைத் தாண்டும்போது நூலக விவகாரத்தில் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொன்னேன். "இவ்வளவு கதைக்கிறாய் எண்டா இன்னும் கெதியாப் போகலாம்" என்று வேகத்தைக் கூட்டினான், பாவி. அவன் ஏன் எனக்கு வலது பக்கம் அரை அடி முன்னாலேயே ஓடுகிறான் என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. கச்சான் முழுவதும் அவன் மேல் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு வந்தது மிச்சம்.

வழி நெடுக அவனை எல்லாருக்கும் தெரியும். மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் எங்களோடு கொஞ்சத்தூரம் கூடவே வந்தார். "மாப்பிள்ள, என்ன இண்டைக்கு நடந்து போறீங்க? கஜன் போய்க் கனநேரம்."

"போகட்டும் அண்ண."

"மறுகா வீட்ட போய்க் கவலப்படக் கூடாது."

குகன் கையை மட்டும் உயர்த்தினான். ஊர்க்காரர் பகிடி என்று இதையும் விட்டுவிட்டேன்.

கிறுகியதும் காற்று முதுகுக்கு வந்தது. கேள்விகள் குறைந்தன. பதினாறாவது கிலோமீற்றரில் நின்றுவிட்டன. இனி என்னால் வசனம் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும். நீர்கொழும்பில் சரியாக இந்த இடத்தில்தான் நான் நடக்கத் தொடங்கினேன். இந்த முறையும் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. நடந்தால் என்ன என்று மனம் இனிமையாகக் கேட்டது. "என்ர முதுகப் பார், வேற ஒண்டையும் பாக்காத" என்றான் குகன். பார்த்தேன். வியர்வையில் ஒட்டிய மஞ்சள் பனியன், அதில் ஒரு தையல் பிரிந்திருந்தது. அந்தத் தையலைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீற்றர் ஓடினேன்.

செட்டிபாளையம் எல்லையில், எங்களுக்கு இருநூறு மீற்றர் முன்னால் ஒரு நீலச் சட்டை தள்ளாடியது. கஜன். ஆரம்பத்தில் விழுந்தடித்து ஓடியவனுக்கு இப்போது மூச்சு முடிந்துவிட்டது. குகன் நினைத்தால் ஒரே இழுவையில் தாண்டுவான். அவன் கண் அந்த நீலச் சட்டையில் போய் நின்றதை நான் பார்த்தேன்.

"நீ போடா," என்றேன்.

"வாயப் பொத்திக்கொண்டு ஓடு."

ஓடினேன். கடைசி வளைவில் தர்ஷினி கத்தியது கேட்டது. கோட்டைத் தாண்டியதும் குகன் என் மணிக்கூட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். 1:59:26. தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணுக்குள் வியர்வை போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

மதியம் குகன் வீட்டில் பந்தி. பெரிய பாரை மீன் வாங்கி, தலையைத் தனியாகப் புளிவிட்டுக் கறி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் தலை எப்போதும் மாப்பிள்ளைக்குத்தான். குகனின் மாமி, தர்ஷினியின் அம்மா, சட்டியோடு வந்தார், குகனைத் தாண்டிப் போனார், தலையைக் கஜனின் தட்டில் வைத்தார்.

"பந்தயம் பந்தயந்தான் மாப்பிள்ள," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தர்ஷினிதான் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் கஜன் ஓடத் தொடங்கியபோது வைத்த பந்தயமாம். வீட்டிலிருந்து ஓடுகிற இரண்டு பேரில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு, அடுத்த ஓட்டம் வரைக்கும், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பெரிய மீனின் தலையும். மூன்று வருடமும் குகன் விட்டுக்கொடுக்கவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி.

"அத்தான், வாலும் நல்ல ருசிதான்," என்றான் கஜன், கன்னத்துச் சதையை உறிஞ்சிக்கொண்டே.

நான் குகன் பக்கம் திரும்பினேன். "சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

குகன் வால் துண்டிலிருந்து முள்ளை எடுத்தபடி, "சொன்னா நீ ஓடியிருப்பியா? மீன யோசிச்சே நடந்திருப்பாய்," என்றான்.

உண்மை. நடந்திருப்பேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலையில் போனால் கச்சானை மனதில் வைத்து முதல் பாதியை அடக்கி ஓடுங்கள். ஏழரைக்குப் பிறகு வெயில் சுடும், தொப்பி வேண்டும். ஓட்டக் கட்டணம் 1,500 ரூபாய், தண்ணீரும் தோடம்பழமும் தாராளமாகக் கிடைக்கும். தங்குவதற்கு மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடிப் பக்கம் விடுதிகள் உண்டு, ஓட்டோவுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். மணிக்கூட்டை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், ஓட்டத்தைத் தள்ளி வைத்து முதலில் அவரைத் தேடுங்கள்.

கஜன் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு மீன் தலையின் படம் அனுப்புகிறான். போன கிழமையும் வந்தது. படத்தின் ஓரத்தில் இன்னொரு தட்டு, அதில் வால். அடுத்த ஜூலைக்கும் டிக்கெட் போடுவேன். ஆனால் ஓட மாட்டேன். தண்ணீர்ப் போத்தல்களோடு சைக்கிளில் குகனுக்குப் பக்கத்தில் வருவேன், அந்த நீலச் சட்டையைத் தாண்டும் வரைக்கும் அவனை மூச்சுவிட விடமாட்டேன். என் இரண்டு மணித்தியாலம் எனக்குக் கிடைத்துவிட்டது. அவன் தலை அவன் தட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.