விரலுக்கு ஒரு டயல்

மைசூரில் அக்ரஹாரம் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. பேனா, சாவிக்கொத்து, கல்யாணத்துக்குக் கொடுக்கும் எவர்சில்வர் டப்பா ஆகியவற்றில் பெயர் அச்சடித்துத் தருவது தொழில். அதே மிஷினில் இப்போது கைக்கடிகார டயலும் அச்சடிக்கிறேன். பெங்களூரில் சில பையன்கள் சாவி கொடுக்கிற பழைய வாட்ச்சுகளின் இயந்திரத்தைத் தேடி வாங்கி, புதுக் கூடு போட்டு, அந்தக் காலத்து வாட்ச் மாதிரியே செய்து கட்டிக்கொள்கிறார்கள். பேனாவில் இவ்வளவு பொடி எழுத்து வரும்போது டயலில் வராதா என்று அவர்களில் ஒருவன் கேட்டான். வந்தது. அப்படி ஒட்டிக்கொண்ட வேலை இது.

பித்தளைத் தகட்டை ஒரே கனத்தில் வட்டமாக வெட்டி வாங்குவதற்குள் உயிர் போய்விடும். ஒரு கடைக்காரர் காட்டுகிற சாம்பிள் ஒன்று, அனுப்புகிற சரக்கு வேறொன்று. தகடு வந்ததும் பின்பக்கம் இரண்டு கம்பித் துண்டுகளைப் பற்றவைக்க வேண்டும். டயலுக்குக் கால் என்று சொல்வோம். இயந்திரத்தில் உள்ள துளைகளில் அந்தக் கால்கள் உட்கார்ந்தால்தான் டயல் நிற்கும். அதற்குப் பிறகுதான் பெயின்ட், அச்சு, வார்னிஷ் எல்லாம். புதிதாகச் செய்த டயல் பழையதாகத் தெரிய வேண்டும் என்பது இந்தப் பையன்களின் ஆசை என்பதால், வார்னிஷில் துளி மஞ்சள் கலந்து வெயிலில் மங்கின நிறத்தைக் கொண்டுவருவேன். புதுப் பெண்ணுக்கு நரைமுடி வைக்கிற வேலை என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அழகு பற்றியெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை.

என் மாமனார் ஹனூர்க்காரர். மாமியார் போன பிறகு எங்களோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை ஹனூருக்குப் போய் அங்கே இருக்கும் தன் அக்காவைப் பார்த்து, இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். அந்த அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை. இவரும் போகாவிட்டால் சொந்தம் என்று எட்டிப் பார்க்க அங்கே யாரும் கிடையாது. ஒருமுறை திரும்பி வரும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, விடியும்வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார். வாட்ச்சில் முள் சரியாகத் தெரியவில்லை என்றார். கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, சொட்டு மருந்தால் சரியாகாது என்றார் டாக்டர். இப்போதைக்குப் பரவாயில்லை, கொஞ்சம் மங்கல்தான் என்று இவராகச் சொல்லிக்கொண்டார். நடப்பதில் எந்தக் குறையும் இல்லாததால் நாங்களும் நம்பினோம்.

என் கணவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்களா வாட்ச்சுல மணி பார்த்துச் சொல்லுங்கப்பா. அப்புறம் தனியா அனுப்பறேன். அதுவரைக்கும் சும்மா ஹனூரு ஹனூருன்னு அடம் பிடிக்காதீங்க." மணியைப் பேசிக் காட்டுகிற போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். அது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது என்று மாமா அதை அலமாரியில் போட்டுவிட்டார்.

பாவமாக இருந்தது. டயல் செய்கிறவள் வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் மணி தெரியாமல் தவிப்பதா என்று ரோஷமும் வந்தது. அவருடைய பழைய வாட்ச்சுக்கு நானே ஒரு டயல் செய்தேன். வெண்ணெய் நிறம். கறுப்பில் பெரிய எண்கள். நிமிடக் கோடுகளை எடுத்துவிட மனம் வராமல் ஓரத்தில் மெல்லிசாகப் போட்டேன். உண்மையிலேயே அழகாக வந்தது.

"டயலு வெண்ணெயாட்டம் இருக்குது, அம்மணி. நல்லாத் தெரியுது" என்றார் மாமா. அன்றிலிருந்து கணவர் நினைத்த நேரத்தில் மணி கேட்பார். மாமா கையைத் தூக்கிப் பார்த்து டக்கென்று சொல்வார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டயலைப் படம் எடுத்து பெங்களூர்ப் பையன்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு மத்தியானம் வாட்ச்சைக் கடைக்கு எடுத்துப் போனேன். மாமா அன்று சாவி கொடுக்க மறந்திருந்ததால் அது நின்றிருந்தது. நாங்களும் படம் எடுக்கும்போது சாவி கொடுக்க மாட்டோம். ஓடாமல் நிற்கிற வாட்ச்சில் முள்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்துத்தான் எடுப்போம். அப்போதுதான் டயலின் எழுத்து மறையாது. எடுத்து முடித்ததும் வேறு ஆர்டர் வந்ததால், வாட்ச்சை அப்படியே பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமாவின் கையில் கட்டிவிட்டேன்.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே, "அப்பா, மணி என்ன?" என்றார்.

மாமா கையைத் தூக்கி வாட்ச்சைப் பார்த்தார். "ஆறே கால்."

கணவர் போனை எடுத்துப் பார்த்தார். ஆறே கால்தான். "சரி, வர்ற திங்கட்கிழமை போயிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். காபி டம்ளரைக் கொடுக்க நான் குனிந்தபோது வாட்ச் என் கண்ணில் பட்டது. முள்கள் பத்து பத்திலேயே நின்றிருந்தன.

அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் கேட்டேன். "மாமா, நேத்து வாட்ச் ஓடவே இல்லைங்க. எப்படி மணி சொன்னீங்க?"

அவர் வாட்ச்சை மறு கையால் மூடிக்கொண்டார். பிறகு, "அதிலென்ன அம்மணி? காலையில குப்பை வண்டி பாட்டு போட்டுட்டு வருது. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறான். கோயில்ல தீபாராதனை நேரம் தெரியும். பக்கத்து வூட்டுல சீரியல் பாட்டு கேட்டா என்ன மணின்னு தெரியும். இடையில கொஞ்சம் கூட்டிக் கழிச்சுக்கறது" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்புறம் எதுக்கு டயல் நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்க?" என்று சத்தம் போட்டேன்.

"வட்டந் தெரியுது. வெள்ளையாத் தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்லை. உன்ற மூஞ்சியே தெரியறதில்லை அம்மணி. குரலை வச்சுத்தான் பேசறேன்."

தினமும் அவருக்கு எதிரே நின்று சோறு போடுகிறேன். என் முகம் அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அடுப்படிக்குள் போய் அழுதேன். பிறகு அவர் என் பின்னாலேயே வந்து, "அவன்கிட்டச் சொல்லீராதே. சொன்னா அக்காவை நான் இனிப் பார்க்க முடியாது" என்றார்.

நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றார். வார்னிஷ் சரியில்லை என்று வீட்டில் ஒரு பொய் சொல்லி வாட்ச்சைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

வாட்ச்சின் மேல்கண்ணாடியை எடுத்துவிட்டு, விரலால் தடவிப் பார்க்கிற டயல் செய்வது என்று முடிவு செய்தேன். முன்பக்கம் புள்ளி புள்ளியாகக் கம்பியைப் பற்றவைத்தபோது, அந்தச் சூட்டில் பின்பக்கத்துக் கால்கள் கழன்று விழுந்தன. இன்னொரு தகடு எடுத்து, எண்கள் வருகிற இடத்தில் துளை போட்டு, பித்தளை ஊசிகளைச் செருகித் தட்டி இறுக்கினேன். பன்னிரண்டுக்கு இரண்டு ஊசி, மூன்று ஆறு ஒன்பதுக்கு ஒரு சின்னக் குச்சி. சாதாரண முள் விரல் பட்டால் வளைந்துவிடும் என்பதால் தடித்த தகட்டில் நானே முள் வெட்டினேன். பெயின்ட் இல்லை, அச்சு இல்லை. என் கையிலிருந்து போன டயல்களிலேயே பார்க்கச் சகிக்காதது அதுதான். வயல்வேலை செய்து காய்த்துப்போன மாமாவின் ஆள்காட்டி விரலுக்கு அந்த ஊசிகள் தட்டுப்படவில்லை. மாமா ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக் கடைசியில் சுண்டுவிரலில் நின்றார். முள்ளை நகர்த்தாமல் தொடப் பழக ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

"இதைத் தடவினா அவனுக்குத் தெரிஞ்சு போயிருமே" என்றார்.

"தெரியட்டுமேங்க" என்றேன். அவர் சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடிக்கொண்டார். மகனிடமும் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஒரே இரைச்சல். கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள், ஹாரன், ஒலிபெருக்கி, பூ விற்கிறவர்கள். கொள்ளேகால் வழியாக ஹனூர் போகிற பஸ் நின்றிருந்தது. ஏறப் போகும் நேரத்தில் கணவர் பழக்க தோஷத்தில், "அப்பா, மணி என்ன?" என்றார்.

அந்தச் சத்தத்தில் மணியைக் கணக்குப் போட மாமாவுக்கு ஒரு வழியும் இல்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். சுண்டுவிரலை டயலில் வைத்து மெதுவாகச் சுற்றி வந்தார்.

"ஒன்பதடிக்கக் கொஞ்சம் இருக்குது. அஞ்சு நிமிசம்" என்றார்.

கணவர் போனைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "எப்ப இருந்துப்பா?"

"பொங்கலுக்கு முந்தியே."

"இன்னைக்குப் போக வேண்டாம்ப்பா. நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"மணி சொன்னா அனுப்பறேன்னு சொன்னே" என்றார் மாமா. "சொல்லீட்டேன்."

என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தபோது வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் கையை ஆட்டினார்கள். மாமாவும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, எங்களுக்கு நாலடி தள்ளி நின்ற யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரித்தபடி ஆட்டினார். என் கணவர் ஓடிப்போய் அந்த ஆளின் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ் திரும்பும்வரை கையை ஆட்டினார்.