திருவான்மியூர்ப் பண்ணையும் மயிலாப்பூர் மாடும்

எழுபத்தைந்தாம் வருடம், மே மாதத்து முதல் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் லஸ் முனையில் பஸ் ஏறினேன். கையில் இரண்டு பை. ஒன்றில் துணி, மற்றதில் அம்மா திணித்த முறுக்கு. தாவரவியல் இரண்டாம் வருடம் முடித்தவர்கள் விடுமுறையில் பதினைந்து நாள் ஒரு பண்ணையில் பயிற்சி பெற்றுக் குறிப்பேடு எழுதிவர வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. அடையாறில் பஸ் மாறும் இடத்தில் என் வகுப்புத் தோழி செல்வி காத்திருந்தாள். தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் மகள். அவளுடைய பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

திருவான்மியூரில் இறங்கித் தெற்கே இரண்டு கிலோமீட்டர் மணலில் நடந்தோம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் கடல். எட்டரை மணிக்குப் பண்ணை வந்தது. மூன்று ஏக்கர், இரண்டு ஓலைக் கொட்டகை, ஒரு கிணறு, நான்கு மாடுகள்.

பண்ணைக்காரர் சபேசன், பொறியாளர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"இங்கே உப்பும் தீப்பெட்டியும் தவிர எதுவும் விலைக்கு வாங்கறதில்லை. எல்லாம் இங்கேயே விளையும், இங்கேயே மக்கும்" என்றார் பெருமையாக.

"சோப்பு?" என்றாள் செல்வி.

"அரப்பு இருக்கு."

செல்வி பெட்டியைத் திறக்கவே இல்லை.

எங்களுக்கு முதல் வேலை, வாளியோடு மாடுகளின் பின்னால் நடப்பது. விழுகிற சாணத்தைச் சேகரித்து, எடை போட்டு, குறிப்பேட்டில் எழுதி, தரையில் புதைத்திருந்த தொட்டியில் கரைத்து ஊற்ற வேண்டும். அதிலிருந்து வரும் வாயுவில் அடுப்பு எரியும் என்றார் சபேசன். அதுவரை எரிந்ததில்லை. சாணம் விழும் நேரத்தை மாடுகள் முன்கூட்டித் தெரிவிப்பதில்லை என்பதால், இரண்டு நாளைக்கு வேறு எந்த அறிவியலும் நடக்கவில்லை.

நான்கில் ஒன்றுதான் கறவை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: எங்கள் தெருப் பால்காரரின் மாடு. தினமும் வாசல் வாசலாக வந்து நின்று பால் கறந்த அதே மாடு. சனிக்கிழமைதான் சபேசன் அதை அவரிடமிருந்து வாங்கினாராம்; அவரிடம் இன்னொரு மாடு உண்டு.

வியாழன் மாலை சபேசன் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு நாலு மணிக்கு என் சம்சாரம் விசாலம் வரா. இந்த அடுப்பிலே ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தா பண்ணை இருக்கும். இல்லைன்னா ஜூன்லே மறுபடியும் ஆபீஸ் போகணும்னு சொல்லிட்டா." அன்று கறவை மாட்டைக் கட்டியது நான்.

வெள்ளி காலை ஐந்தரை மணி. கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. பண்ணையில் வேலை செய்யும் கன்னியம்மா அதை எடுத்துப் பார்த்தாள். எங்களோடு கொட்டகையில் படுப்பவளும் அவள்தான்.

"இன்னா பாப்பா, மாட்ட கட்னியா, ஜடைக்கு ரிப்பன் கட்னியா?"

சபேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது எங்கே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செல்வியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

எட்டு மணிக்கு எங்கள் தெரு முனையில் நுழைந்தோம். முதல் வீட்டு மாமி, "மாடு வந்து நின்னுட்டு இப்பத்தான் போச்சு, பால்காரனைக் காணோம்" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே சேதி. மாடு வரிசை தவறாமல் வாடிக்கை வீடுகளுக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் அது சாவகாசமாக அசைபோட, அம்மா கையில் நிறைந்த சொம்போடு நின்றாள்.

"ஏண்டி, அதுக்குள்ளே வந்துட்டியா? பால்காரன் மாட்டை மட்டும் அனுப்பிச்சிருக்கான். நானே கறந்துண்டுட்டேன்."

"ஐயோ அம்மா! அது எங்க பண்ணை மாடு. சாயங்காலக் காபிக்குப் பால் அதுதான்!"

"காபிக்குப் பால் வேணும்னா ஆத்துல இருக்கே, இதை எடுத்துண்டு போயேன்" என்று சொம்பை நீட்டினாள். மே மாத வெயிலில் பால் திரிந்துவிடும். மாட்டைத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பது கிலோமீட்டர் நடை. அடையாறு பாலம்வரை மாடு நல்ல பெண்ணாக வந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி, சைக்கிள், ஊரே நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "இன்னாமே, படம் புடிக்கிறீங்களா? ஓரங்கட்டு!"

"வரமாட்டேங்குதே, அண்ணே!" என்று கத்தினாள் செல்வி.

"எதுனா துன்னக் குடு தங்கச்சி, அப்பத்தான் வரும்!"

எங்களிடம் தின்ன எதுவும் இல்லை. ஓடிவந்த அவசரத்தில் செல்வி அக்குளில் இடுக்கியபடியே கொண்டுவந்திருந்த எங்கள் குறிப்பேட்டை மாடு மோந்து பார்த்து, அட்டையின் ஒரு மூலையைக் கடித்தது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். திங்கட்கிழமையைக் கிழித்து நீட்டினாள். இரண்டு அடி வைத்தது. செவ்வாய்க்கிழமை வரைபடங்களோடு போனது. பாலம் முடிவதற்குள் எங்கள் பயிற்சி முழுவதும் மாட்டின் வயிற்றில் இருந்தது.

நிழல் கண்ட இடமெல்லாம் மாடு படுத்துப் படுத்து, மூன்றரை மணிக்குப் பண்ணை. கன்னியம்மா கறந்ததில் ஒரே ஒரு டம்ளர் பால் வந்தது. "அதுக்கே கால் நோவுது, இன்னா செய்யும்" என்றாள்.

நாலு மணிக்கு விசாலம் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்பெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சபேசன் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சிக்கு 'பக்' என்றொரு சத்தம். நீலமாக ஒரு வட்டம் எரிந்தது. செல்வி என் கையைக் கிள்ளினாள். சபேசனுக்குக் கண் கலங்கியிருந்தது.

பால் பொங்கியது. காபி தயாரானது. விசாலம் ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

"இது என்ன?"

"புளியங்கொட்டையை வறுத்து அரைச்சது. இங்கேயே கிடைக்கிறது."

விசாலம் டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்பைச் சுற்றி வந்தார். நீலச் சுடரின் மேல் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"அடுப்பு நன்னாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "காபிப் பொடி மட்டும் நான் கொண்டு வரேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் சபேசன், கேட்டு முடிவதற்குள்.

மிச்சப் பத்து நாளும் நாங்கள் அங்கே வெண்டை பறித்தோம், எருக்குழி கிளறினோம், குறிப்பேட்டை நினைவிலிருந்து மறுபடி எழுதினோம். மாட்டைக் கட்டும் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை.

வீடு திரும்பிய மாலை வாழைப்பழம் தின்றேன். தோலைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். பண்ணையில் தோலுக்கு, தூசிக்கு, உதிர்ந்த முடிக்குக்கூட ஓர் இடம் உண்டு. எங்கள் வீட்டில் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னடி முழிக்கறே? தெருவிலே எறி" என்றாள் அம்மா.

கொல்லையில் கிணற்றடிச் செம்பருத்தியின் கீழே குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், அன்று நறுக்கிய கத்திரிக்காய்க் காம்புகளைக் கொண்டுவந்து குழியருகே வைத்துவிட்டுப் போனாள்.