பாத்தியில் வீசிய ஒரு பிடி உப்பு

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். நான் கண்டது உச்சி வெயிலில். மரக்காணம் உப்பளத்தில், நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே ஒடுங்கிப்போகும் நேரத்தில். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். கதை கட்டத் தெரியாது. இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே வேலை செய்கிறேனே, ஏன் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு அடுத்த பாத்தி அர்ச்சுனனுடையது. அவனும் அவன் பெண்சாதி பொன்னியும் அதில் உப்பு வாருவார்கள். அவர்கள் மகள் ரித்திகாவுக்கு ஐந்து வயது. தை மாதத்தில் பிள்ளைக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து தாயும் பிள்ளையும் புதுச்சேரி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார்கள். அர்ச்சுனன் போவதும் வருவதுமாக இருந்தான். அளத்தில் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். சுரேஷ் ரத்தம் கொடுத்தான். தெய்வநாயகி பஸ் ஏறிச் சோறு கொண்டுபோனாள். நான் அர்ச்சுனன் பாத்தியையும் சேர்த்து வாரினேன். வாராமல் கிடந்தால் பாத்தியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சித்திரையில் இரண்டு நாள் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். முடியெல்லாம் கொட்டி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அளத்தைப் பார்க்கவேண்டும் என்று அடம். அர்ச்சுனன் தோளில் தூக்கி வந்தான்.

கண் பட்டிருக்கும், சுற்றிப் போடலாம் என்று தெய்வநாயகிதான் சொன்னாள். குவியலிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்து, பிள்ளை தலையை மூன்று முறை சுற்றினாள். அதில் துப்பச் சொன்னாள். வீட்டில் என்றால் அந்த உப்பைச் சொம்புத் தண்ணீரில் போடுவோம். உப்பு கரையக் கரைய, பட்ட கண்ணும் கரையும். இங்கேதான் காலடியிலேயே தண்ணீர் நிற்கிறதே. கைவாக்கில் அர்ச்சுனன் பாத்தியில் வீசிவிட்டாள்.

"எப்ப கரையும் பெரியம்மா?" என்று ரித்திகா என்னைக் கேட்டாள்.

"நாளைக்கே கரைஞ்சிடும்டி."

"அப்புறம் எனக்கு முடி வந்துடுமா?"

"வந்துடும். இவ்ளோ நீளம்." என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றே முக்கால் இருக்கும். வெயில் தாங்காமல் எல்லோரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அர்ச்சுனன் பாத்தியில் வாரு பலகையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

டக்.

பலகை எதிலோ தட்டியது. குனிந்து தடவினேன். கைப்பிடி அளவு உப்புக்கட்டி. தரையோடு ஒட்டிக் கிடந்தது.

தெய்வநாயகி வீசிய அதே பிடி உப்பு. முற்றிய பாத்தியில் நிற்பது வெறும் தண்ணீர் இல்லை. இனி ஒரு கல் உப்பைக்கூடக் கரைக்க முடியாத தண்ணீர். அதில் உப்பைப் போட்டால் அதன்மேல் உப்பு வந்து ஒட்டும். வளரும். காலமெல்லாம் இதிலேயே கிடக்கிறோம். எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

புதன்கிழமை அது தேங்காய் அளவு இருந்தது.

வியாழக்கிழமை பிள்ளைத் தலை அளவு. பாத்திச் சேற்றில் கால் தடம் வேறு. என் உள்ளங்கைக்குள் அடங்கும் தடம். வரப்பிலிருந்து கட்டிவரைக்கும் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை...

வெள்ளிக்கிழமை, உச்சி நேரம். கடப்பாரையால் கட்டியைப் பெயர்த்தேன். அடியில் கருப்பாக ஏதோ தொங்கிக்கொண்டு வந்தது. பாசி என்று நினைத்தேன். இந்த உப்பில் பாசி பிடிக்காது.

முடி. என் இடுப்பு வரைக்கும் நீளம்.

போட்டுவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் அளத்து ஓரத்தில், பனைமரத்தடியில், நாங்கள் கால் கழுவும் நல்ல தண்ணீர்க் கேணி இருக்கிறது. அதில் போட்டால் கரைந்துவிடும். கரைந்தால் பிள்ளை பிழைத்துவிடும். கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.

பாதி வழியில் அது கனத்தது.

பிறகு சுட்டது. வெயில் சூடு இல்லை. காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு.

காற்றே இல்லை. ஆனால் அந்த முடி என் கழுத்தைச் சுற்றியது.

"பெரியம்மா..."

காதோரத்தில்.

"வேணாம்..."

நிற்கவில்லை நான்.

கேணி.

கையை விரித்தேன். விழவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

பிய்த்து எறிந்தேன்.

சளக்.

குமிழ்... குமிழ்...

அடங்கிவிட்டது.

கொட்டகைக்கு வந்து தெய்வநாயகியிடம் மணி கேட்டேன். பன்னிரண்டு இருபது என்றாள். கழுத்து எரிந்தது. மனசு லேசாக இருந்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரக் கஞ்சி குடித்தேன்.

ஒரு மணிக்கு அர்ச்சுனன் போன் செய்தான்.

"அக்கா, குழி வெட்டச் சொல்லு."

போனை வைத்துவிட்டான்.

காரியமெல்லாம் முடிந்து பொன்னி வேலைக்கு வந்தாள். வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"செவ்வாக்கிழமையிலேர்ந்து நல்லா தேறிக்கினு வந்தாக்கா. காய்ச்சல் வுட்டுடுச்சு. இட்லி துன்னா. தலையில பொடிசா முடிகூட மொளைச்சுது. சனிக்கிழமை வூட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

வரப்பு மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீர்னு எங் கழுத்தைக் கட்டிக்கினா. பெரியம்மா என்னைத் தூக்கிக்கினு ஓடுறாங்கம்மா, தண்ணில போட வேணாம்னு சொல்லும்மான்னா. அவ்ளோதான். வாயிலேர்ந்து தண்ணி தண்ணியா வந்துச்சு. ஏன்னு டாக்டருங்களுக்கே தெரியல."

நான் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னி என்னைப் பார்த்தாள். வியர்வையைத் துடைக்கப் போனவள்போல என் கழுத்துக்குக் கையை நீட்டினாள்.

"இன்னாக்கா இது? சுத்தியும் செவப்பா... முடி கட்டுன மாதிரி?"

துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டேன்.